சுமையை இறக்கியவர் யார்? – ஜீவ கர்த்ருத்வமும் ஈச்வர ஸ்வாதந்த்ர்யமும் குறித்து ஓர் ஒப்பு நோக்கு

தென்பாண்டி நாட்டில் சங்கரன்கோவில் என்று வழங்கும் தலத்தில், ஒரே திருமேனியில் ஒரு பாதி சங்கரனாகவும் மறுபாதி நாராயணனாகவும் நின்று காட்சி தரும் மூர்த்திக்குச் சங்கரநாராயணர் என்று திருநாமம். அந்தத் திருநாமத்தைப் பிள்ளைகளுக்குச் சாற்றுவது நெல்லைச் சீமையில் நெடுநாளைய வழக்கம். திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் மரபில் வந்த சங்கரநாராயண பிள்ளையும் அவ்வாறு பெயர் பெற்றவரே. கம்பராமாயணத்தில் தோய்ந்த அவருடைய இல்லத்தில் 1827ஆம் ஆண்டு பிறந்த குமாரர், எச். ஏ. கிருஷ்ண பிள்ளை என்று பின்னாளில் அறியப்பட்ட புலவர். அவர் சாயர்புரத்துக் கிறிஸ்தவப் பாடசாலையில் தமிழாசிரியராக அமர்ந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் பெருங்காப்பியத்தை வெளியிட்டு, 1900இல் காலமானார். கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைத் தமிழுலகம் கொண்டாடுகிறது.

அவர் மதம் மாறியது சரியா தவறா என்பது இங்கு விசாரணைக்கு உரியதன்று. ஜீவன் கடைத்தேறுவது தன் முயற்சியாலா, ஈச்வரனுடைய க்ருபையாலா என்னும் கேள்வி அவர் விட்டுச்சென்ற மரபிலும் இருந்தது. அவர் சென்று சேர்ந்த மரபிலும் இருந்தது. இரண்டிடத்தும் அது பல நூற்றாண்டு விவாதத்தை எழுப்பி, சபைகளைப் பிளந்து, தீராமலே நின்றது. மேனாட்டார் இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுதியவை பல. அவ்வொப்புமை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கிறிஸ்தவ மரபில் எழுந்த வாதம்

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்துப் பேராயராக விளங்கிய அகுஸ்தீனார் (354–430), ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் மனிதனுடைய சித்தம் நன்மையைத் தானாக நாடும் வல்லமையை இழந்தது என்றார். கிருபை முன்னே வந்து தூக்கினாலன்றி அது எழாது என்பது அவர் பக்ஷம். பிரிட்டனிலிருந்து வந்த துறவியான பெலாகியுஸ் இதனை மறுத்தார். செய்ய இயலாததை ஈச்வரன் விதிக்கமாட்டான். ஆகையால் விதியைக் கைக்கொள்ளும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்பது அவர் வாதம். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுஸின் கொள்கையை விலக்கிற்று. ஆயினும் கேள்வி தீரவில்லை. கிருபை பின்னே வரட்டும், விசுவாசத்தின் முதல் அசைவு மட்டும் மனிதனுடையதாக இருக்கலாகாதா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு 529இல் பிரான்சு தேசத்து ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் விடை கூறிற்று. அந்த முதல் அசைவும் கிருபையினாலேயே உண்டாவது என்றும், ஒருவரையும் தீமைக்கென்று ஈச்வரன் முன்குறிப்பதில்லை என்றும் அது ஒருசேர நிர்ணயித்தது.

ஆயிரம் ஆண்டு கழித்து அதே வழக்கு மீண்டும் எழுந்தது. மனித சித்தம் சுயாதீனமுடையது என்று எராஸ்மஸ் 1524இல் எழுத, அது அடிமைப்பட்டது என்று மார்ட்டின் லூதர் 1525இல் மறுப்பு எழுதினார். ஜான் கால்வின் (1509–1564) இன்னும் ஒரு படி சென்று, சிலரை நித்திய ஜீவனுக்கும் மற்றவரை நித்திய ஆக்கினைக்கும் ஈச்வரன் தன் சங்கல்பத்தாலேயே முன்குறித்தான் என்றார். ஹாலந்து தேசத்து ஆர்மீனியஸ் (1560–1609) இதற்கு இணங்கவில்லை. கிருபை இன்றியமையாதது, ஆனால் மனிதன் அதை எதிர்த்து விலக்க வல்லவன், யார் விசுவாசிப்பார் என்பதை ஈச்வரன் முன்னறிந்தே தெரிந்துகொள்கிறான் என்றார். 1618–19இல் டார்ட் நகரில் கூடிய பேரவை ஆர்மீனியஸின் மாணாக்கர்களைக் கண்டித்து, கிருபை தடுக்க முடியாதது என்று விதித்தது.

கத்தோலிக்கருக்குள்ளும் இவ்விவாதம் மூண்டது. 1588இல் ஏசு சபையைச் சார்ந்த மோலினா எழுதிய நூல், ஈச்வரனுடைய முன்னறிவையும் ஜீவனுடைய சுயாதீனத்தையும் பொருத்த முயன்றது. தோமினிக் சபையார் அதனை வன்மையாக எதிர்த்தனர். ரோமாபுரியில் 1598 முதல் 1607 வரை விசாரணை நடந்தது. முடிவில் போப்பாண்டவர் ஐந்தாம் பவுல் தீர்ப்பு ஒன்றும் கூறாமல், ஒருவரையொருவர் பதிதர் என்று தூற்றக்கூடாது என்று மட்டும் கட்டளையிட்டு இருசாராரையும் அனுப்பிவிட்டார். ஒன்பதாண்டு விசாரித்தவர்கள் வழக்கைத் தீர்க்காமல் வைதலை மட்டும் விலக்கினார்கள் என்பது நம்மவர் கவனிக்கத்தக்கது.

2. நெல்லைச் சீமைக்கு வந்த விதம்

இந்த வாதங்கள் நூலளவில் நின்றுவிடவில்லை. மதுரை மிஷனைச் சார்ந்த ஏசு சபைக் குருமார் காமநாயக்கன்பட்டி முதலான ஊர்களில் வாழ்ந்தனர். வீரமாமுனிவர் என்று பெயர் பெற்ற பெஸ்கியும் (1680–1747) அவர்களில் ஒருவர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலிய லூதர் சபையாரை எதிர்த்து அவர் தமிழில் கண்டன நூல்கள் இயற்றினார். விசுவாசம் ஒன்றே போதும் என்பாருக்கும், விசுவாசத்தோடு நற்கிரியையும் வேண்டும் என்பாருக்கும் ஐரோப்பாவில் நிகழ்ந்த பூசல், இவ்வாறு தமிழ் உரைநடையிலேயே ஒலிக்கலாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 1820 முதல் பாளையங்கோட்டையில் ரேனியுஸ் ஐயரும், 1841 முதல் இடையன்குடியில் கால்டுவெல் ஐயரும் ஊழியம் செய்தார்கள். இவர்களை ஆதரித்த இங்கிலாந்துத் திருச்சபைக்கு 1571இல் முற்றுப்பெற்ற முப்பத்தொன்பது ஷரத்துகள் ப்ரமாணம். அவற்றுள் பத்தாவது மனித சித்தத்தைப் பற்றியது. பதினேழாவது முன்குறித்தலைப் பற்றியது. பத்தாவது, கிருபை முந்தி வந்தாலன்றி மனிதனால் ஆவதில்லை என்கிறது. பதினேழாவது, ரக்ஷிக்கப்படுவாரின் தெரிவைச் சொல்லி, கைவிடப்படுவாரைக் குறித்துச் சங்கல்பம் எதையும் கூறாமல் நிற்கிறது. கிருஷ்ண பிள்ளை தழுவியது இந்தத் திருச்சபையை.

3. பன்யனுடைய சுமை

அவர் காப்பியத்திற்கு முதல்நூல் ஜான் பன்யன் (1628–1688) எழுதி 1678இல் வெளிவந்த யாத்திரைக் கதை. பன்யன் கால்வினுடைய கொள்கையில் நின்றவர். ஆனால் கதையின் போக்கு அக்கொள்கையைவிட நுட்பமானது. முதுகில் பெருஞ்சுமையோடு நிற்கும் ஒருவன் தன் ஊர் அழியப்போவதை அறிந்து, காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஓடுகிறவன் அவன்தான். வழியில் லௌகிக விவேகி ஒருவன் எதிர்ப்பட்டு, விதிகளைக் கைக்கொண்டால் சுமை நீங்கும் என்று சொல்லி, சீனாய் மலைப் பக்கம் திருப்பிவிடுகிறான். மலை தலைமேல் விழுமோ என்று நடுங்கி அவன் மீள்கிறான். பிறகு இடுக்கமான வாசலை அடைந்து, சுமையை இறக்கிவிடுமாறு வாசல் காப்போனை வேண்டுகிறான். உரிய இடம் வரும்வரை சுமந்திரு, அங்கே அது தானே விழும் என்று விடை கிடைக்கிறது. சிலுவையின் எதிரே வந்து நின்ற மாத்திரத்தில் கட்டு அவிழ்ந்து, சுமை உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. அதற்கென்று அவன் கையை அசைக்கவில்லை.

ஸ்ரீவைஷ்ணவ சாஸ்த்ரம் பயின்றவருக்கு இக்கதையின் ஒவ்வொரு கட்டமும் பழகின இடமாகவே தோன்றும். சீனாய் மலைப் பக்கம் திரும்பியது, உபாயாந்தரத்தைப் பற்றி அதன் அருமையைக் கண்டு அஞ்சி மீளுவதை ஒத்தது. சுமை இறங்கியது நம் ஆசார்யர்கள் பரந்யாஸம் என்று வழங்கும் அர்த்தத்தையே நினைப்பூட்டுகிறது. பரம் என்றாலே சுமை. ந்யாஸம் என்றால் வைத்தல். கிருஷ்ண பிள்ளை முதல்நூலில் இல்லாதபடி இயேசுவின் பாடுகளைத் தனியே விரித்துப் பாடினார். இடையிடையே தேவாரமென்ற பெயரால் இசைப்பாடல்களையும் அமைத்தார். சுமை விழுந்த இடத்தில் அவர் உள்ளம் உருகியதற்கு, பழைய வைணவ இல்லத்தின் பக்திப் பயிற்சியும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. சுமையை ஜீவன் வைத்தானா, அது தானே விழுந்ததா?

4. பாஷ்யகாரர் காட்டிய வழி

இவ்வினாவிற்கு அடிப்படையான நிர்ணயம் ஸ்ரீபாஷ்யத்தில் இரண்டாம் அத்யாயம் மூன்றாம் பாதத்துப் பராயத்தாதிகரணத்தில் அமைந்துள்ளது. ஜீவனுக்குக் கர்த்ருத்வம் உண்டு; ஆனால் அது பரமாத்மாவுக்கு அதீனமானது என்பது அங்குள்ள ஸித்தாந்தம். அப்படியாகில் விதி நிஷேத சாஸ்த்ரங்கள் வீணாகாவோ என்னில், ஆகா. அந்தர்யாமியானவன் ஜீவன் செய்யும் முதல் முயற்சியைப் பார்த்து, அதற்கு அனுமதி தந்து நடத்துகிறான் என்று பாஷ்யகாரர் ஸாதிக்கிறார். இதற்கு அவர் எடுக்கும் த்ருஷ்டாந்தம் வ்யவஹாரத்திலிருந்து வந்தது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் மூன்றாமவனுக்குக் கொடுக்க விரும்பினால், மற்றவனுடைய இசைவின்றி அது நடவாது. இசைவு பெற்றுக் கொடுத்தாலும், கொடுத்ததன் பலன் கொடுக்க முயன்றவனையே சாரும். இசைந்தவனால் அல்லாது காரியம் நடக்கவில்லை. ஆயினும் பொறுப்பு முயன்றவனை விட்டு நீங்கவுமில்லை.

இந்த த்ருஷ்டாந்தத்தின் பெருமை இது. ஈச்வரன் செய்வது எவ்வளவு, ஜீவன் செய்வது எவ்வளவு என்று பாகம் பிரிக்கும் முறையை இது தொடக்கத்திலேயே விலக்குகிறது. முழுக்காரியமும் இருவருடையது. ஒருவன் பங்கு கூடினால் மற்றவன் பங்கு குறையும் என்ற எண்ணத்திலேதான் பெலாகியுஸ் வாதமும் டார்ட் பேரவையின் வாதமும் ஒருங்கே சிக்கின.

5. இரு கலையாரும் இரு உவமைகளும்

பாஷ்யகாரருக்குப் பின் ஆசார்யர்களிடையே வந்த பேதம் ப்ரபத்தியின் ஸ்வரூபத்தைப் பற்றியது. பிள்ளைலோகாசார்யர் முமுக்ஷுப்படியிலும் ஸ்ரீவசனபூஷணத்திலும், ஸித்தமான உபாயம் எம்பெருமானே என்றும், ப்ரபத்தியை உபாயமென்று எண்ணுவது அவனுடைய உபாயத்வத்துக்குக் குறையென்றும் நிர்ணயித்தார். மணவாளமாமுனிகள் (1370–1443) அவற்றுக்கு வ்யாக்யானம் அருளி, அவ்வர்த்தத்தை நிலைநாட்டினார். ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில், ஸித்தோபாயம் அவனே ஆயினும், ப்ரபத்தி அவனுடைய ஸஹஜ காருண்யத்துக்கு ஒரு வ்யாஜம் ஆகவேண்டும் என்றார். அதுவும் இல்லையாகில் எல்லாரும் ஒருங்கே முக்தராக வேண்டிவரும். அன்றேல் சிலரை விட்டுச் சிலரைக் கொள்ளும் பக்ஷபாதமும் இரக்கமின்மையும் அவனுக்கு நேரும் என்பது தேசிகனுடைய ஹேது.

பிற்காலத்தில் இவ்விரு பக்ஷங்களுக்கும் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்ற ந்யாயங்கள் பெருவழக்காயின. தாயைத் தானே இறுகப் பற்றும் குட்டி ஒன்று. தாய் வாயால் கவ்விச் செல்லும் குட்டி மற்றொன்று. மேனாட்டாருக்கு இவ்வுவமைகள் மிகவும் பிடித்துப்போயின. ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் ஓட்டோ (1869–1937), இந்தியாவின் க்ருபா ஸமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் ஒரு நூலே வெளியிட்டார். அவரைத் தொடர்ந்து பலர், வடகலையார் மனித முயற்சியைச் சொல்பவர், தென்கலையார் கால்வினை ஒத்தவர் என்று எளிதாக எழுதிவிட்டார்கள்.

இது மூலக்ரந்தங்களோடு பொருந்தாது. முதலாவது, பூனை கால்வின் ஆகமாட்டாது. பிள்ளைலோகாசார்யர் சேதனனிடத்தில் எதிர்பார்ப்பது அப்ரதிஷேதம், அதாவது ரக்ஷிக்க வருகிறவனை விலக்காமை. விலக்கமுடியாத கிருபை என்று டார்ட் பேரவை விதித்ததற்கு இது நேர் மாறு. அப்பேரவையால் கண்டிக்கப்பட்ட ஆர்மீனியஸின் சொல்லுக்கே அணித்தானது. அந்த விலக்காமையும் எங்கிருந்து வந்தது என்னில், ஸ்ருஷ்டி தொடங்கி எம்பெருமான் பண்ணிவந்த க்ருஷியின் பலம். சேதனன் தன்னையறியாமல் ஒரு திவ்யதேசத்தின் பேரைச் சொன்னாலும், ஓர் அடியார்க்குத் தாகம் தணித்தாலும், அதையெல்லாம் பெரிய ஸுக்ருதமாக எழுதிக்கொண்டு, எப்போது கைக்கொள்வோம் என்று அவன் காத்திருப்பதாக ஸ்ரீவசனபூஷணம் காட்டுகிறது. இது தான் தேர்ந்தோரை மட்டும் எடுத்துப் பிறரைத் தள்ளும் சங்கல்பம் அன்று. எவனையும் விடாமல் சாக்குத் தேடித் திரியும் வாத்ஸல்யம்.

இரண்டாவது, குரங்கு பெலாகியுஸ் ஆகமாட்டாது. ஸ்வாமி தேசிகன் ந்யாஸதசகத்தில், ஸ்வாமியானவன், தனக்கே சேஷமான ஆத்மாவை, தானே தந்த அறிவைக்கொண்டு, தன் ப்ரயோஜனத்துக்காக, தன்னிடத்தில் தானே வைத்துக்கொள்கிறான் என்ற அர்த்தத்தை அருளிச்செய்திருக்கிறார். பரந்யாஸத்தை ஜீவனுடைய அனுஷ்டானமாக விதித்த ஆசார்யரே, அதைச் செய்பவனும் அவன், செய்வதற்குரிய அறிவைத் தந்தவனும் அவன், பலன் கொள்பவனும் அவன் என்று முடிக்கிறார். முதல் அசைவும் கிருபையினாலேயே என்று ஆரஞ்சு சங்கம் சொன்னதற்கு இதைவிட அணித்தான வாக்கியம் தேடினும் கிடையாது.

ஆக, இரு கலையாரும் அச்சங்கம் வகுத்த எல்லைக்குள்ளேயே நிற்கிறார்கள். பெலாகியுஸின் பக்கம் போனவரும் இல்லை. கால்வினின் பக்கம் போனவரும் இல்லை.

6. ஒப்புமை நிற்கும் இடங்கள்

ஒப்புமை முறியும் இடங்களையும் சொல்லியாகவேண்டும். முதலாவது, கைவிடப்பட்டவன் ஏன் கைவிடப்பட்டான் என்னும் கேள்வி. கிறிஸ்தவத்தில் ஜீவனுக்குப் பிறவி ஒன்றே. அதன் முடிவு நித்தியம். ஆகையால் ஒருவனுக்குக் கிருபை கிட்டவில்லையெனில் அவனுக்கு மறுவாய்ப்பு இல்லை. பழி ஈச்வரனைச் சாரும்போல் தோன்றுகிறது. நம் மரபில் கர்மம் அநாதி, காலமும் எல்லையற்றது. இன்று விலக்கினவனும் மற்றொரு பிறவியில் விலக்காதிருக்கக்கூடும். நித்திய நரகமென்ற கோட்பாட்டுக்கு ஒத்ததைப் பாரத தேசத்தில் தேடினால், தமோயோக்யர் என்று ஒரு வகுப்பைக் கூறும் மத்வ ஸித்தாந்தத்தில்தான் காணலாம். ராமாநுஜ ஸித்தாந்தத்தில் இல்லை.

இரண்டாவது, வீழ்ச்சியின் தன்மை. அகுஸ்தீனாரின் வழியில் ஜென்ம பாவத்தால் சித்தமே கெட்டது. நம் ஆசார்யர்கள் வழியில், சேஷத்வமாகிற ஆத்ம ஸ்வரூபம் ஒருகாலும் கெடுவதில்லை, கர்மத்தால் மறைந்திருக்கிறது. கெட்டதைப் புதுப்பிப்பது வேறு. மறைந்ததை வெளிப்படுத்துவது வேறு.

மூன்றாவது, நடுநிற்பவர். கிறிஸ்தவத்தில் மத்தியஸ்தர் பாவத்தின் தண்டனையைத் தாமே ஏற்கிறார். நம் ஸம்ப்ரதாயத்தில் புருஷகாரமான பிராட்டி எந்தத் தண்டனையையும் ஏற்பதில்லை. தாயாக நின்று, எம்பெருமானுடைய ஸ்வாதந்த்ர்யத்தை அவனுடைய க்ருபை வெல்லும்படி செய்கிறாள். சுமை இறங்குவது இரண்டிடத்தும் உண்டு. அது எங்கே விழுகிறது என்பதில் பேதம் இருக்கிறது.

இந்த மூன்றாம் பேதத்தையே கிருஷ்ண பிள்ளை தம் வாழ்வில் பெரிதாகக் கொண்டிருக்கவேண்டும் என்று அவருடைய காப்பியத்தின் அமைப்பு நினைக்கச் செய்கிறது. பாடுகளின் வரலாற்றை அவர் விரித்துப் பாடியதற்கு வேறு காரணம் கூறுவது எளிதன்று.

7. முடிவுரை

இவ்விவாதம் வெறும் தர்க்கமன்று. நான் பற்றினேன் என்று சொல்பவனுக்கு அஹங்காரம் நேர்கிறது. அவனே பார்த்துக்கொள்வான் என்று சும்மா இருப்பவனுக்குச் சோம்பல் நேர்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே சேதனனை நிறுத்துவதற்காகவே இரு தேசத்து ஆசார்யர்களும் பாடுபட்டார்கள். பின்வந்தவர்களோ அந்த நுட்பத்தை விட்டு, உவமைகளை மட்டும் பிடித்துக்கொண்டு, கோயில் வாசலில் எந்த நாமம் எழுதுவது, யாருடைய தனியனை முதலில் அனுஸந்திப்பது என்று நியாயஸ்தலம் வரை சென்றார்கள். தேசிகனையும் பிள்ளைலோகாசார்யரையும் மூலத்தில் கற்றவன் இப்பூசலில் இறங்கமாட்டான். போப்பாண்டவர் 1607இல் இட்ட கட்டளையை நம்மவர் யாரும் இடாமலே, கற்றறிந்தோர் தாமே கைக்கொண்டிருக்கலாம்.

சரமச்லோகத்தின் அமைப்பே இதற்கு விடையாக நிற்கிறது. அதில் ஒரு வினை முன்னிலையில் வருகிறது. சரணம் புகும்படி அர்ஜுனனை ஏவுகிறது. அடுத்த வினை தன்மையில் வருகிறது. விடுவிப்பவன் தானே என்று கண்ணன் ஏற்கிறான். ஏவப்படும் நீயும் ஏற்கும் நானும் ஒரே ச்லோகத்தில் நிற்கிறார்கள். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலும், உங்கள் ரக்ஷையை நீங்களே நடுக்கத்தோடு நிறைவேற்றுங்கள் என்ற பொருளை ஒரு வசனத்திலும், உங்களுள் இருந்து விருப்பத்தையும் செயலையும் உண்டாக்குகிறவர் தேவனே என்ற பொருளை அடுத்த வசனத்திலும் வைத்தார். இரண்டையும் காரணச் சொல் ஒன்றால் இணைத்தார். இரண்டில் ஒன்றை அவர் விட்டுவிடவில்லை.

சுமையை இறக்கியவர் யார் என்ற கேள்விக்கு இரு கலையாரும் முடிவில் ஒரே விடையையே தருகிறார்கள்: இறக்கியவன் சுமைக்கு உடையவன். சுமந்தவன் செய்யவேண்டியது, அதை இறக்குகிற கையைத் தட்டிவிடாமல் நிற்பதே.